பாதி விலையில் ஆறு பாட்டில்

மிச்சக்கா குளியல் சோப்பை நூலால்தான் அறுப்பாள். கத்தியால் வெட்டினால் தூள் உதிரும். உதிர்கிற தூளும் காசுதானே என்பது அவள் கட்சி. நாலாக அறுத்த துண்டுகளை ஜன்னல் கட்டையில் மூன்று நாள் காயவைத்த பிறகே குளியலறைக்கு அனுப்புவாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. பற்பசைக் குழாயைக் கத்தரித்துத் திறந்து, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்து இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். காய்கறிக் கடைக்குப் போவதென்றால் படுதாவை இறக்குகிற நேரம்தான். "நாளைக்கு அழுகப்போறதை இன்னிக்கு நான் சமைச்சா உனக்கென்ன நட்டம்?" என்று கேட்டுக் கடைக்காரன் வாயை அடைத்துவிடுவாள். எதை வாங்கினாலும் "இதுல இவ்வளவு மிச்சம்" என்று மாடிப்படி ஏறும்போதே சொல்லிக்கொண்டு வருவாள். அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் மிச்சக்காதான்.

கஞ்சத்தனம் என்று சொன்னால் அது பாவம். கஞ்சன் தான் கண்டுபிடித்த வழியை அடுத்தவனிடம் மூச்சுவிட மாட்டான். மிச்சக்காவுக்கோ எங்கே எது மலிவு என்று தெரிந்தால் நாலு கதவைத் தட்டிச் சொன்னால்தான் அன்றைக்குத் தூக்கம் வரும். அரிசியை மூட்டையாக எடுத்துப் படி போட்டுப் பிரித்துக் கொடுப்பாள். துணி துவைக்கிற தூளை வாளியாக வாங்கிப் பங்கு வைப்பாள். மூன்று மாடி சுமந்து ஏறியதற்கு யாராவது நாலு காசு நீட்டினால் கோபம் வந்துவிடும். "சேர்த்து வாங்குனதால எனக்கும்தானே மலிவு? கூலி வேற என்ன கூலி!" என்பாள்.

புருஷனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. விடியுமுன் போனால் மத்தியானம் ரெண்டரைக்குத்தான் திரும்புவார். எட்டு மணி நேரம் அடுப்பு வாயில் நின்ற உடம்பு, வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது தண்ணீர். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அடுக்களைக்குப் போய், கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்து அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொள்வார். உதடு படாமல் குடிக்கிற பழக்கம். மிச்சக்கா ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தாள். அச்சாகி வரும் பெரிய தாள்களை மடித்து, அடுக்கி, தைப்பதற்குத் தயாராக்குகிற வேலை. ஒரே மகள், ஒன்பது வயது; பள்ளி விடுமுறை என்பதால் பகலில் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருந்தாள்.

தரை துடைக்கிற திரவம் விற்கும் தள்ளுவண்டிக்காரரை அவள் சந்தையின் பின்வாசலில் பிடித்தாள். வண்டியில் நீலநிறக் கேன்கள். திறந்து காட்டினார். எலுமிச்சை மஞ்சள், மூக்கருகே கொண்டுபோனால் எலுமிச்சை வாசமும் வந்தது. கடையில் விற்கிற பாட்டிலின் விலையில் சரிபாதி. பன்னிரண்டு லிட்டர் கேனாக எடுத்தால் இன்னும் தள்ளித் தருவதாகச் சொன்னார். மிச்சக்கா அங்கேயே மனசுக்குள் வகுத்துவிட்டாள். ஆறு வீடு, வீட்டுக்கு ரெண்டு லிட்டர். பாட்டிலுக்கு எங்கே போவது? எந்த வீட்டில்தான் காலியான குளிர்பான பாட்டில் கிடக்கவில்லை!

முதல் கேன் ஒன்றரை மாதம் ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ரெண்டாவது கேன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அச்சகத்துக்குத் தாள் லாரி வராததால் காலையில் விடுப்பு. நிதானமாக உட்கார்ந்து புனல் வைத்து ஆறு பாட்டிலையும் நிரப்பினாள். ஐந்தை அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்து தன்னுடையதை எடுத்துத் தொட்டிக்கு அடியில் வைக்கப் போகும்போது போன் அடித்தது. மேஸ்திரி.

"லாரி வந்தாச்சு. எல்லாரும் வந்தாச்சு. நீதான் பாக்கி."

"இதோ வந்துட்டேன்" என்று பாட்டிலை அடுப்பு மேடையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திருகினாளா, சும்மா வைத்தாளா என்பது பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

மூன்று மணி வாக்கில் தாள் மடித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன் வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் எண். பேசியது மகள்.

"அம்மா, அப்பா பேச மாட்டேங்குறாரு."

"கோபமா இருப்பாருடி. என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல. வாயிலேருந்து நுரை நுரையா வருது. அந்த மஞ்சத் தண்ணியக் குடிச்சுட்டாரு."

கையிலிருந்த மடிப்புக் கட்டை கீழே விழுந்தது. மேஸ்திரி என்னவோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. அச்சகத்து வாசலில் ஆட்டோ நின்றது. வாடகை பேசாமல் அவள் ஏறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "சீக்கிரம் போங்கண்ணே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

அவர் அடுக்களைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெள்ளையாக வீங்கியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் தோளிலிருந்த துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தார். தையல்காரம்மா பக்கத்தில் மண்டியிட்டு ஒரு செம்பு நிறைய உப்புத் தண்ணீரைக் கரைத்துவைத்துக்கொண்டு மன்றாடினாள். "குடிங்கண்ணா, கண்ணை மூடிட்டுக் குடிச்சிருங்க. வாந்தி எடுத்துட்டா எல்லாம் வெளியில வந்துரும்." அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார்.

மிச்சக்கா செம்பைக் கையில் வாங்கிவிட்டாள். அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள். கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் சத்தம் கேட்டு மேலே ஏறி வந்து, வாசலிலிருந்தே கத்தினார்.

"அதைக் கீழ வைம்மா! வாந்தி எடுக்க வைக்காதே. உள்ள போகும்போது சுட்டது வெளிய வரும்போதும் சுடும். தூக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!"

"பாட்டில் எங்க?" என்றாள் மிச்சக்கா.

தையல்காரம்மா விழித்தாள். "கீழ விழுந்து கொட்டிருச்சுக்கா. புள்ள மிதிச்சிடப் போகுதேன்னு துடைச்சுட்டேன். பாட்டிலையும் கழுவிக் கவுத்துட்டேன்." சொல்லும்போதே ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்; குரல் உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவரை ஒரு படுக்கையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். படுத்தால் மூச்சுத் திணறியது. டாக்டரம்மா சின்னப் பெண், முப்பது இருக்கலாம். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். ஒரு துண்டுத் தாளை அவர் நாக்கில் ஒற்றி எடுத்தார். தாள் கருநீலமாக மாறியது.

"என்ன குடிச்சாரு?"

"தரை துடைக்கிறதுங்க."

"எந்தக் கம்பெனி?"

"கடையில வாங்கினதுதாங்க" என்றாள்.

"கடையிலதான் வாங்கியிருப்பீங்க. பாட்டில் மேல பேர் எழுதியிருக்கும்ல? என்ன பேர்?"

படுக்கையிலிருந்து அவர் சுவாசிக்கிற சத்தம் கேட்டது. ஓட்டை விழுந்த பந்திலிருந்து காற்றுப் போவதைப் போல ஒரு சத்தம். மிச்சக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் கண் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். பயம் இருந்தது. பதினோரு வருஷத்தில் அவரிடம் அவள் காணாத பயம்.

"பேர் இல்லம்மா" என்றாள். "தள்ளுவண்டியில வாங்கினது. கேனுல வரும். நான்தான் பாட்டில்ல ஊத்தினேன். கூல்டிரிங்க்ஸ் பாட்டில். நான்தான் மேடையில வச்சுட்டுப் போனேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சரி. இது காரம்னு தாள் காட்டுது. சோப்புக் காரம்னா பயமில்ல. காஸ்டிக்குன்னா தொண்டையும் குடலும் வெந்துரும். அதுகூட எவ்வளவுங்குறதுதான் கேள்வி. மண்ணெண்ணெய் மாதிரி ஏதாவது கலந்திருந்தா நுரையீரலைக் காப்பாத்தணும், அதுக்கு வேற வைத்தியம். அதுல என்ன போட்டாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"டெஸ்டு பண்ணித் தெரிஞ்சுக்க முடியாதுங்களா?"

"இங்க வசதி இல்ல. வெளிய அனுப்பினா மூணு நாள். மூணு நாள் காத்திருக்க முடியாது. செஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சா போய்க் கேளுங்க. ஓடுங்க."

அவள் திரும்பும்போது புருஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஊசி ஏறிய கை. இன்னொரு கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"என்னங்க? அஞ்சு மணியா? அதுக்குள்ள வந்துடறேன்."

அவர் இல்லை என்று தலையசைத்தார். மறுபடியும் ஐந்து விரல். பிறகு அண்ணாந்து குடிக்கிற மாதிரிக் கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்து வீடு. அதே மாதிரி ஐந்து பாட்டில். தையல்காரம்மாவின் பிள்ளைகள், கீழ் வீட்டு இரட்டைகள், பஸ் கண்டக்டர் வீட்டுச் சின்னது.

மகளையும் புருஷனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டு, நடந்துகொண்டே ரெண்டாம் மாடி வாத்தியாருக்குப் போன் போட்டாள். வீட்டிலிருந்தே பரீட்சைத் தாள் திருத்துகிறவர், பகலில் இருப்பார்.

"சார், நான் காலையில குடுத்த பாட்டில்…"

"ஆமா, நல்ல வாசனை."

"சார், அதை யாரும் தொடக் கூடாது. எங்க வீட்டுக்காரரு தெரியாம குடிச்சுட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம். நீங்க தயவுசெஞ்சு எல்லார் வீட்டுக்கும் போய்…"

"நீங்கதானேம்மா நல்ல சரக்குன்னு சொன்னீங்க?"

"நான்தான் சார் சொன்னேன். அப்புறம் என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்பப் போய் எடுத்துருங்க சார். பிள்ளைங்க இருக்குற வீடு."

அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

சந்தையின் பின்வாசலில் தள்ளுவண்டி இல்லை. பக்கத்தில் பூட்டுச் சாவி செய்கிறவரிடம் விசாரித்தாள். அவர் அரத்தை நிறுத்தாமலே, "சரக்கு தீந்தா ரப்பத்தான் போவான். டயர் குடோன் சந்து. கடைசித் தகரக் கொட்டகை" என்றார்.

சந்தில் நுழைந்ததுமே எலுமிச்சை வாசம் வந்தது. காலையில் அவளுக்குப் பிடித்திருந்த அதே வாசத்துக்கு இப்போது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொட்டகைக்கு வெளியே தள்ளுவண்டிக்காரர் ரப்பர்க் குழாயால் கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வாங்கம்மா, அதுக்குள்ள தீந்துருச்சா?" என்று சிரித்தார்.

அவள் சொன்னாள். சிரிப்பு உதிர்ந்தது. குழாயைக் கிள்ளி மூடினார்.

"நான் வித்தது இல்லம்மா அது."

"காலையிலதானே குடுத்தீங்க? இதே கேன்தானே?"

"ஊருக்குள்ள இதே மாதிரி நூறு பேர் விக்குறாங்க. நான் என்னத்தைக் கண்டேன்? குடிக்கச் சொல்லியா குடுத்தேன்? தரை துடைக்கக் குடுத்தேன்."

"தப்பு என்மேலதாங்க. நான் சண்டைக்கு வரல. அதுல என்ன போட்டிருக்கீங்க, அதை மட்டும் சொல்லிருங்க. டாக்டரம்மா கேக்குறாங்க."

"என்ன போடுவாங்க? தண்ணி, சோப்பு, கலரு, சென்ட்டு. போங்கம்மா, வேலை கிடக்கு."

"காஸ்டிக் போட்டிருக்கா?"

"எனக்குத் தெரியாது. நான் விக்குறவன்தான்."

"அண்ணே, அவருக்கு மூச்சு இழுக்குது. உங்க கால்ல வேணா விழறேன்." நிஜமாகவே அவள் குனிந்தாள். அவர் பதறிப் பின்வாங்கியதில் கேன் சாய்ந்து மஞ்சள் திரவம் மண்ணில் ஓடியது.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. "யாருய்யா அது?"

வெளியே வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். ரெண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டி, மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டிருந்தாள். பைக்கு மேலே, முழங்கை வரை தோல் சுருங்கிப் பழைய தீக்காயம் மாதிரிப் பளபளத்தது. கலக்குகிறவள் அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீ உள்ள போ" என்றார் தள்ளுவண்டிக்காரர். "ஒண்ணுமில்ல."

"காதுல விழுந்துச்சு. ஒண்ணுமில்லாததுக்கா கால்ல விழறாங்க?" அவள் மிச்சக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "எவ்வளவு குடிச்சாரு?"

"ஒரு வாய், ரெண்டு வாய். அண்ணாந்து ஊத்திக்குவாரு. நேரா தொண்டைக்குப் போயிருக்கு."

கலக்குகிறவள் கண்ணை மூடித் திறந்தாள். "வா" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

தகரக் கூரை வெயிலில் கொதித்தது. மூன்று டிரம், துடுப்பு மாதிரி ஒரு கட்டை, மூலையில் சாக்கு மூட்டைகள். அவள் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் செதில்கள்.

"இதுதான் அழுக்கை எடுக்கும். ஒரு டிரம்முக்கு ரெண்டு கை போடுவேன். எப்பவும் ரெண்டு கைதான்."

"இந்தத் தடவையும் ரெண்டு கைதானா?"

கலக்குகிறவள் துடுப்புக் கட்டையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள்.

"சொல்லுங்கக்கா."

"பழைய கடையில வாங்குறது நின்னுபோச்சு. வேற ஒருத்தன் பாதி விலைக்குத் தரேன்னான். நமக்கும் நாலு காசு நிக்குமேன்னு வாங்கினேன். இது பழசு மாதிரி இல்ல, கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. வேகம் இருக்காதோன்னு நாலு கை போட்டேன்." அவள் பையைக் கழற்றினாள். விரல் நுனிகள் வெடித்து ரத்தம் கட்டியிருந்தன. "போட்டப்புறம்தான் தெரிஞ்சுது இதுக்கு வேகம் ஜாஸ்தின்னு. பையையும் தாண்டிச் சுட்டுது."

மிச்சக்கா அந்த விரல்களைப் பார்த்தாள். 'பாதி விலைக்கு' என்று அவள் சொன்ன குரல் மிச்சக்காவுக்குப் பழக்கமான குரல். மாடிப்படியில் ஏறும்போது தன் வாயிலிருந்து வருகிற அதே குரல்.

"தெரிஞ்சும் வித்தீங்களா?"

"தரைக்குத்தானேன்னு நினைச்சேன். ஒரு டிரம்மைக் கொட்டுறதுக்கு மனசு வரலம்மா."

"மண்ணெண்ணெய் ஏதாவது?"

"இல்ல. அது சத்தியமா இல்ல. சோப்பு எண்ணெ, கலரு, சென்ட்டு. அவ்வளவுதான்."

"சாக்குல என்ன எழுதியிருக்குன்னு…"

"எனக்குப் படிக்கத் தெரியாது."

மிச்சக்கா மூட்டையைத் திருப்பினாள். எழுத்து இருந்தது, அவளுக்குத் தெரியாத பாஷையில். கீழே சின்னச் சின்ன எண்கள். அதைக் கிழித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதற்குள் கலக்குகிறவள் கத்தரிக்கோலை எடுத்துச் சாக்கின் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டாள். ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் செதிலையும் எடுத்துக்கொண்டு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நானும் வரேன். டாக்டரு கேக்குறதுக்கு உனக்குப் பதில் தெரியாது."

வாசலில் தள்ளுவண்டிக்காரர் மறித்தார். "உனக்கு என்ன பைத்தியமா? அங்க போனா எழுதி வாங்கிப் போலீசுக்கு அனுப்புவாங்க. கொட்டகைக்குச் சீல் வச்சுருவாங்க. அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"தெரியல" என்றாள் அவள். "வழியை விடு."

ரெண்டு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். பாதி வழியில் வாத்தியார் கூப்பிட்டார். "நாலு பாட்டில் எடுத்தாச்சும்மா. யாருக்கும் ஒண்ணும் இல்ல. கண்டக்டர் வீடு மட்டும் பூட்டிக்கிடக்கு. போன் போகல. அவரு தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்களாம், ஏழு மணிக்குள்ள வந்துருவாங்கன்னு பக்கத்துல சொல்றாங்க."

மிச்சக்காவுக்குக் காலையில் நடந்தது கண்முன் வந்தது. கண்டக்டர் மனைவி அப்போது வீட்டில் இல்லை. ராத்திரி டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்தான் கதவைத் திறந்தார். பாதிக் கண்ணில் பாட்டிலை வாங்கிக்கொண்டு "சரிக்கா, சரிக்கா" என்று கதவைச் சாத்தினார். இது இன்னது என்று அவள் சொன்னாளா? சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

டாக்டரம்மா சாக்குத் துண்டை விளக்கில் பிடித்துப் படித்தார். போனில் எதையோ தேடினார். "காஸ்டிக்தான்" என்றார். "டிரம் எவ்வளவு பெரிசு?"

"நூறு லிட்டர் பிடிக்கும்" என்றாள் கலக்குகிறவள். "நாலு கை. என் கையாலேயே நாலு கை. இதோ இவ்வளவு." வெடித்த கையைக் குவித்துக் காட்டினாள். "மண்ணெண்ணெ இல்ல, பூச்சி மருந்து இல்ல. எங்கம்மா மேல ஆணை."

டாக்டரம்மா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். பெரிய டாக்டருக்குப் போன் செய்து வேகமாகப் பேசினார். பிறகு மிச்சக்காவிடம் வந்தார்.

"நான் பயந்த அளவுக்கு இல்ல. ஆனா சும்மாவும் இல்ல. தொண்டையில புண்ணு இருக்கு. நாளைக்குக் குழாய் விட்டு உள்ள பார்ப்போம். நுரையீரலுக்குப் போகல. இன்னிக்கு ராத்திரி வீக்கம் ஏறாம மூச்சு இப்படியே இருந்தா உயிருக்கு ஆபத்தில்லன்னு சொல்லலாம். இப்பச் சொல்ல மாட்டேன்."

"பேசுவாரா?"

"பேசுவாரு. சாப்பாடு உள்ள இறங்க நாளாகும். வழி குறுகிப்போச்சுன்னா அதுக்கும் வைத்தியம் இருக்கு. பொறுங்க."

கலக்குகிறவள் தூணோரமாக நின்றிருந்தாள். "எம்மேல எழுதுவீங்களாம்மா?"

"எழுதித்தான் ஆகணும். இதே சரக்கு இன்னும் எத்தனை வீட்டுல இருக்கோ."

"எழுதுங்க" என்றாள். "எழுபது எண்பது வீடு இருக்கும். எந்தெந்தத் தெருவுன்னு விக்குற அந்தாளுக்குத் தெரியும். நானே கூட்டிட்டு வரேன்." பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மா அவள் கைக்கு மருந்து போட ஒரு நர்ஸை அனுப்பினார்.

மணி ஆறே கால். மிச்சக்கா புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மறுபடியும் விரலைத் தூக்கினார். "நாலு எடுத்தாச்சு" என்றாள். அவர் ஒரு விரலை மட்டும் நிறுத்தி வைத்தார். கீழே இறக்கவே இல்லை.

"போறேன்" என்றாள். "நீங்க மூச்சை மட்டும் ஒழுங்கா விடுங்க. வேற எதையும் நினைக்காதீங்க."

கண்டக்டர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்துப் படியில் உட்கார்ந்தாள். வாத்தியார் வந்து பார்த்தார். "எழுந்து வீட்டுக்குப் போங்கம்மா, வந்தா நான் சொல்றேன்" என்றார். "இல்ல சார். நான் கொஞ்சம் கண்ணசந்தா அவங்க உள்ள போயிடுவாங்க" என்றாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வாங்கி, விளக்கில் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, குடிக்க முடியாமல் கீழே வைத்தாள். வாத்தியார் ஒரு படி கீழே தானும் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமோ என்று கையில் அதையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். போன் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

ஏழு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். கண்டக்டர் தோளில் பை. அவர் மனைவி கையில் நாலு வயசுச் சின்னது, வெயிலில் அலைந்து முகம் கன்றிப்போய், "தண்ணி, தண்ணி" என்று அழுதுகொண்டே வந்தது. மிச்சக்கா எதையும் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. பிள்ளை அம்மா கையை உதறிவிட்டு உள்ளே ஓடியது.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"பாட்டில்… காலையில நான் குடுத்த பாட்டில் எங்க?"

"என்ன பாட்டில்? எனக்குத் தெரியாதே." அந்த அம்மா புருஷனைப் பார்த்தாள்.

கண்டக்டர் நெற்றியைத் தேய்த்தார். "ஆமா, ஒரு ஜூஸ் குடுத்தீங்கள்ல? அதை ஃப்ரிட்ஜுல…"

மிச்சக்கா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அடுக்களையில் ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. சின்னது அதன் வெளிச்சத்தில் நின்று, கதவுத் தட்டிலிருந்த மஞ்சள் பாட்டிலை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கியிருந்தது. பாட்டில் குளிர்ந்து வேர்த்திருந்தது. பிள்ளை மூடியைப் பல்லால் கடித்துத் திருகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பிடுங்கிய வேகத்தில் பிள்ளை பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. வீறிட்டு அழுதது. வாயை விரலால் அகட்டிப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். சிவப்பு. நல்ல சிவப்பு. பிள்ளை அவள் விரலை ஓங்கிக் கடித்தது.

பின்னாலேயே ஓடி வந்த அந்த அம்மாவிடம் வாத்தியார் ரெண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தரையில் சரிந்தாள். "குடிச்சிருக்காதே? ஐயோ, குடிச்சிருக்காதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கண்டக்டர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார்.

மிச்சக்கா அவள் முன்னால் உட்கார்ந்து பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். யாருக்கும் ஒரு சொட்டுக் குறையக் கூடாது என்று எல்லாப் பாட்டிலையும் கழுத்து வரை ததும்ப ததும்ப ஊற்றுவது அவள் வழக்கம்.

"இதோ பாரும்மா. கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு. மூடியைத் தொறக்கல. என்னைப் பாரு. குறையவே இல்ல, ஒரு சொட்டுக்கூடக் குறையல."

அந்த அம்மா பாட்டிலைப் பார்த்தாள், மிச்சக்காவைப் பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் பாட்டிலைப் பார்த்தாள். மிச்சக்கா அவள் கையைப் பிடித்து அந்தக் கழுத்தைத் தொடவைத்தாள்.

"பாத்தியா? நிறைஞ்சு இருக்கு" என்றாள். அந்த நாள் முழுக்க வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.